மூன்றாம் ஓலை

2005 ஜூன் 2, வியாழன்
மாதா கோயில் அலுவலகத்தில் இரண்டு கல்யாண அறிவிப்பு ஓலை எழுதினேன். மூன்று ஞாயிறு பூசையில் படித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். அக்கா சந்தனமேரி இன்னும் என்னோடு பேசவில்லை. உப்பளத்தில் குடிதண்ணீர் இல்லை என்று அவள் பெயரையும் கூட வேலை செய்யும் வேலம்மாள் பெயரையும் போட்டு வக்கீலுக்கு ஈமெயில் அனுப்பியது நான்தான். அதை நடுவில் யாரோ படித்துவிட்டார்கள். மறுநாளே இருவருக்கும் வேலை இல்லை. எனக்கு எதற்கு இந்த அவசரக் குடுக்கை வேலை?

ஜூன் 4
இன்னும் பதினைந்து பெண்கள் வக்கீல் கலைமதியிடம் நேரில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர் மனுவை எனக்கு ஈமெயிலில் அனுப்புவார், நான் சரிபார்க்க வேண்டும். ஈமெயிலைப் பூட்டி அனுப்புவதற்கு அவர் கொடுத்த சிடியைக் கோயில் கம்ப்யூட்டரில் போட்டேன். இரண்டு சாவி உண்டானது, இரண்டும் வெறும் எழுத்துதான். பூட்டுகிற சாவி ஊருக்கெல்லாம், திறக்கிற சாவி எனக்கு மட்டும். முதலாவதை அவருக்கு ஈமெயிலில் அனுப்பினேன்.

"அது உங்களோடதுதான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் கலைமதி. நியாயம்தானே, என் பெயரில் எவனும் அனுப்பலாம். ஒவ்வொரு சாவிக்கும் நாற்பது எழுத்தில் தனிக் கைரேகை உண்டாம். யாரும் மாற்ற முடியாத இடத்தில் அதைக் காட்ட வேண்டுமாம்.

ஜூன் 5, ஞாயிறு
பங்குச்சாமி மட்டும் திறக்கிற கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை இருக்கிறதே! ஓலைகளுக்குக் கீழே ஒட்டினேன்: 'ரோஸ்லினின் ஈமெயில் சாவியின் கைரேகை. ஆட்சேபணை இருந்தால் சொல்லவும்.' சாமி சிரித்தார். மூன்று வாரம் இருக்கட்டும் என்றார்.

ஜூன் 12
பாவாடை என்கிற உப்பள மேஸ்திரி பலகை முன் நின்று அத்தனை எழுத்தையும் எழுதிக்கொண்டு போனார். கெடுத்துவிட்டேனா — மறுபடியுமா? வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"எழுதிக்கட்டும்மா. அத வச்சு ஒண்ணும் திறக்க முடியாது."

ஜூன் 16
அக்கா மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். பேச்சு மட்டும் இல்லை.

ஜூன் 19, ஞாயிறு
மூன்றாம் ஓலை. பூசை முடிந்ததும் கலைமதி வந்து நின்றார். 'பழைய சாவி கெட்டுவிட்டது, இனி இதுதான்' என்று புதன்கிழமை என் பெயரில் அவருக்கு ஒரு சாவி வந்திருக்கிறது. நான் அனுப்பவே இல்லை. அதன் கைரேகையை எழுதிக்கொண்டு வந்து பலகையோடு ஒத்துப் பார்த்தார். முதல் நான்கு எழுத்திலேயே இடித்தது. அந்தச் சாவியால் மனுவைப் பூட்டியிருந்தால், அனுப்பியவன் திறந்து படித்திருப்பான்.

"ஆட்சேபணை இருக்குது" என்றார்.

பின்னால் அக்கா நின்றிருந்தாள். "அப்ப அந்தப் பதினஞ்சு பேர் பேரு வெளிய போகலையாடி?"

போகவில்லை. அழுதுவிட்டேன். அழுததற்கு அவள் என்னைத் திட்டினாள். எவ்வளவு நாளாயிற்று அவளிடம் திட்டு வாங்கி!

ஜூன் 21
பூட்டிய மனு வந்தது. திறந்தது!

ஆகஸ்ட் 7, ஞாயிறு
மனு போன பிறகு உப்பளத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டார்கள். அக்காவும் வேலம்மாளும் வேலைக்குப் போகிறார்கள். யார் யார் பெயர் கொடுத்தது என்று மேஸ்திரி இன்னும் விசாரிக்கிறாராம். பலகையில் இன்று புதிதாக ஒரு முதல் ஓலை, சந்தனமேரியின் சாவிக் கைரேகை. அக்காவே ஒட்டினாள், கோணலாக.