கைகொடுத்துக் கெடுத்த அண்ணிக்கு

அண்ணி,

சைக்கிள் பையைக் கழுவலாம் என்று கவிழ்த்தேன். வீடு முழுக்க நீலகிரித் தைல வாசனை. ட்யூப், பம்பு, மாற்றுச் சாக்ஸ் என்று எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. உங்கள் பாட்டில்தான். மூடியைத் திருகி மூடுவது என்ற ஒன்று உங்கள் பிறவியிலேயே கிடையாதே! ஊறுகாய் பாட்டிலோ ஸ்கூட்டியின் பெட்ரோல் டேங்கோ, மேலே சும்மா வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். நான் பார்க்காத நேரத்தில் இதை என் பைக்குள் திணித்திருக்கிறீர்கள். நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இன்னும் உங்கள் பின்னால் துணியை எடுத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுபடியும் பேர் கொடுத்திருக்கிறேன். அதே போட்டிதான். கடலில் நீச்சல், கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் அதே காலோடு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். என்னைக் கட்டிய உங்கள் தம்பி “இன்னொரு தரமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் செல்போனில் தலையை விட்டுக்கொண்டார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நின்றபடி கார் சாமான்களைச் சரிபார்க்கிறவளுக்கு, நாற்பது வயதில் இதெல்லாம் எதற்கு என்று போன தடவை தெருவே கேட்டது. நீங்கள் ஒருத்திதான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கூடவே கிளம்பிவிட்டீர்கள். கேட்டிருந்தாலே தேவலை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கவரைப்பேட்டை சர்வீஸ் ரோட்டில் நான் சைக்கிள் மிதிப்பேன். பின்னாலேயே நீங்கள் ஸ்கூட்டியில். வாரம் ஆறு நாள் கம்பெனி கேன்டீனில் அண்டாவைத் தூக்கி இறக்கிய உடம்பு, அந்த ஒரு நாளாவது தூங்கக்கூடாதா? கன்டெய்னர் லாரி ஒன்று கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டால் போதும். “ஓரமா போயா! பொண்ணு போறது கண்ணுக்குத் தெரில?” என்று நீங்கள் போடும் சத்தத்தில் நான்தான் தடுமாறி மண்ணில் இறங்குவேன். அரை மணிக்கு ஒரு தரம் வழியை மறித்து, “நாஷ்டா துன்னாம இன்னா மிதிக்கிற நீ?” என்று இட்லியை நீட்டுவீர்கள். பயிற்சி என்றால் நிற்கக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “நிக்கச் சொல்லல, துன்னச் சொல்றேன்” என்பீர்கள். உங்களோடு பேசி ஜெயிக்க முடியுமா?

பழவேற்காட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஏரியில் நான் நீந்த, பக்கத்தில் படகில் நீங்கள் குடை பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நீச்சலில் ஒரு அடிகூடத் தெரியாது, ஆனால் “கால ஆட்டு, கால ஆட்டு” என்று ஓயாத உத்தரவு. மூச்சு வாங்க நான் சற்று நேரம் மல்லாந்து மிதந்தேன். அவ்வளவுதான், “ஐயோ, பொண்ணு போய்ட்டாளே! கவுத்தப் போடுயா!” என்று படகுக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினீர்கள். அவர் பொறுமையாக, “எந்திரிச்சு நிக்கச் சொல்லுமா, இடுப்பு தண்ணிதான்” என்றார். எழுந்து நின்றேன். இடுப்பளவுகூட இல்லை. அதற்கும் நீங்கள் என்னைத்தான் திட்டினீர்கள்.

இத்தனையும் பொறுத்தேன். போட்டி நாளில் செய்தீர்களே, அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நீச்சல் முடிந்தது, சைக்கிளும் முடிந்தது. ஓட்டத்தில் கடைசி வளைவு. முடியும் இடத்தில் கட்டியிருந்த தோரண வாசல் கண்ணுக்கு எதிரிலேயே தெரிந்தது. மண்டையைப் பிளக்கிற வெயில். இரண்டு கெண்டைக்கால்களும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொள்ள, அப்படியே தரையில் சாய்ந்தேன். சாய்ந்தால் என்ன? நேரம் இன்னும் இருந்தது. காலை உதறிக்கொண்டு எழுந்து, நொண்டியாவது போய்ச் சேர்ந்திருப்பேன். வெளியாள் யாரும் தொட்டுத் தூக்கக்கூடாது, தொட்டால் ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று முந்தின நாள் சோறு போடும்போதுகூட உங்களிடம் படித்துப் படித்துச் சொன்னேனே! “சரி சரி, எனக்குத் தெரியாதா” என்றீர்களே!

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடுப்பைத் தாண்டி வந்தீர்கள். அந்தக் கனத்த உடம்போடு எப்படித் தாண்டினீர்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றினீர்கள். காலில் தைலத்தை அரக்கித் தேய்த்தீர்கள். அக்குளில் கை கொடுத்து, அண்டாவைத் தூக்குகிற அதே தம் பிடித்து, என்னை நிமிர்த்தி நாலு எட்டு நடத்தியும் விட்டீர்கள். விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார் ஒரு பையனைப் போலிருந்த நடுவர். “மேடம், வெளியாள் தொடக்கூடாது.”

“வெளியாளா? யாரப் பாத்து வெளியாள்ன்ற? இவ வூட்டுக்காரன் கூடப் பொறந்த அக்கா நான்!”

அவர் பாவம், என்ன செய்வார்? குனிந்து என் கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் பதிகிற பட்டையைக் கழற்றிக்கொண்டார். அது போனால் ஓடியதற்குக் கணக்கே இல்லை. நீங்களோ, “எடுத்துக்கினு போ, அது இன்னா தங்கமா?” என்றீர்கள்.

திரும்பி வருகிற ரயில் முழுக்கச் சண்டை. “நானே எழுந்திருப்பேன்” என்றேன். “கண்ணு சொருகிக்கினு கெடந்த. நீயாவது, எந்திரிக்கிறதாவது” என்றீர்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? ம்ஹும். “கீழ வுழுந்து கெடக்குறவள போட்டோ புடிச்சிக்கினு நிக்கணுமா நானு?” என்று என்னையே மடக்கினீர்கள். ஊருக்கு வந்தும் சும்மா இருந்தீர்களா? கேன்டீனில், தெருவில், ரேஷன் கடை வரிசையில், பார்த்தவர்களிடமெல்லாம் நான் முடித்துவிட்டதாகவே சொல்லி வைத்தீர்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொல்ல, முடிக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பேஜாருக்கு ஒரு அளவில்லையா அண்ணி?

அதற்கப்புறம் நமக்குள் இருந்தது இந்த ஒரே வழக்குதான். நானாக எழுந்திருப்பேனா, மாட்டேனா? பூ கட்டும்போதும் துணி மடிக்கும்போதும் இதே பேச்சு. அடுத்த தடவை முடித்துக் காட்டுகிறேன், அப்போது வாயை மூடுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன்.

அதைப் பார்க்க நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சும்மா காய்ச்சல்தான் என்று எத்தனை நாள் மறைத்தீர்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கேன்டீனிலேயே மயங்கி உட்கார்ந்தீர்கள் என்று போன் வந்து ஓடிவந்தோம். ஆட்டோ நின்றது. ஏற்றிவிட உங்கள் அக்குளில் கை கொடுக்க வந்தேன். “வுடு, நானே ஏறிப்பேன்” என்று தட்டிவிட்டீர்கள். கம்பியைப் பிடித்து, மூச்சு இறைக்க, நீங்களாகவே ஏறி உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. ஊரில் யார் விழுந்தாலும் தூக்க ஓடுவீர்கள், உங்களைத் தூக்க மட்டும் ஒருத்தியை விடமாட்டீர்கள். இது என்ன நியாயம்? யாரிடம் போய்ச் சண்டை போடுவது நான்?

இப்போது சர்வீஸ் ரோட்டில் தனியாகத்தான் போகிறேன். யாரும் வழி மறிப்பதில்லை, நேரமெல்லாம் முன்னைவிட நன்றாக வருகிறது. போன ஞாயிறு சைக்கிளை ஓரமாகப் பூட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினேன். உச்சி வெயில். லாரிகள் நிறுத்துகிற இடத்தருகே அதே கெண்டைக்கால் இழுப்பு, அதே போல விழுந்தேன். கண் இருட்டியது. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் “இன்னாக்கா ஆச்சு?” என்று கை நீட்டி ஓடிவந்தார்கள். “தொடாதீங்க!” என்று கத்தினேன். பயந்து நின்றுவிட்டார்கள். முட்டியை ஊன்றினேன், கையை ஊன்றினேன், எழுந்தேன். மிச்ச தூரத்தையும் ஓடி முடித்தேன். கண் சொருகியும் நானாகவே எழுந்தேன் அண்ணி. வழக்கில் நான்தான் ஜெயித்தேன்.

ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை. இடது அக்குளில் உங்கள் முரட்டுப் பிடி இன்னும் அப்படியே இருக்கிறது. எரிச்சலாக வருகிறது, அழுகையும் வருகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டுச் சிரிக்காதீர்கள். விழுந்தவள் உடனே எழுந்துகொள்ளவில்லை. வந்த இரண்டு பேரையும் தள்ளி நிறுத்திவிட்டு, விதியாவது ஒன்றாவது என்று புடவையைச் செருகிக்கொண்டு ஓடிவர யாராவது இருக்கிறார்களா என்று, சுடுகிற தார் ரோட்டில் கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தேன்.