ஒன்பது ஆட்டம் கூடிப்போச்சு

இல்ஃபோர்ட்
தை 20

அன்பு மகன் பாஸ்கரனுக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் தங்கச்சி றூபினி வீட்டாரும் சுகம். கனடாவில் நீயும் மருமகள் கஜந்தினியும் சுகமோ என்று வழமையாகக் கேட்பதை இந்த முறை பயந்து பயந்துதான் கேட்கிறேன். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், கஜந்தினி கேட்டுப் பதறுவாள், அதுதான் கடிதம். எனக்கு நாலாம் வகுப்பு எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பேஸ்போல் புள்ளிவிபரத்தை எனக்கு வாசிக்கிறாய். முடிந்துபோன சீசனை ஏன் திருப்பித் திருப்பிக் கிளறுகிறாய் என்று முதலில் ஏசினனான், பிறகு எனக்கும் பிடித்துப்போனது. கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த ஞாயிறு நீ சொன்னாய், உங்கட அணிக்கு நூற்றி அறுபத்திரண்டு ஆட்டம், வென்றது எண்பத்தொன்பது, தோற்றது எழுபத்து மூன்று, இடக்கையால் பந்து எறிகிறவன் வென்று கொடுத்தது பன்னிரண்டு. பொங்கலுக்கு முந்தின கிழமை அவனுக்கு இருபத்தொன்று என்றாய். வாய் தவறியது என்று விட்டேன். போன ஞாயிறு அணி வென்றது தொண்ணூற்றெட்டு என்கிறாய், தோற்றது அதே எழுபத்து மூன்று. கூட்டிப் பார், நூற்றி எழுபத்தொன்று வருகிறது. ஒன்பது ஆட்டம் எங்கேயிருந்து வந்தது ராசா? முடிந்த சீசன் கூடிக் குறையாது. கேட்டதற்கு, "அம்மா, உங்களுக்குத்தான் வயசு போட்டுது, மறந்திட்டியள்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அப்பாவுக்கும் இலக்கங்கள்தான் முதலில் இடம் மாறின. நீ அப்ப கனடா போய்விட்டாய், இதொன்றையும் நீ காணவில்லை. இருபத்தாறாம் இலக்கமான இந்த வீட்டுக்காரர், அறுபத்திரண்டாம் வீட்டுக் கதவில் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு மழையில் நின்றவர். உன் மாமி அருமைநாயகி பத்துப் பேருக்கு முன்னால், "அண்ணைக்கு ஒண்டுமில்லை, அண்ணியின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் நடிக்கிறார்" என்றாள். அந்தப் பேச்சில் எட்டு மாதம் டொக்டரிடம் போகாமல் இருந்தோம். இருபத்திரண்டு வருசமாகிறது, அன்றைக்கு அவள் உடுத்திருந்தது மாம்பழ நிறச் சேலை. கடைசியில் அப்பா என்னையே ஆர் என்று கேட்டார். உனக்கு இப்ப ஐம்பத்து நாலு வயது.

உன் கொம்பியூட்டரில் ஒருக்கால் பார். தொண்ணூற்றெட்டும் அறுபத்து நாலும் என்று இருந்தால், பிழை என்னுடையது. என் ஞாபகம் பிழைத்தது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை, இந்த ஒருமுறை பிழைத்திருக்க வேண்டும் என்று தினமும் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். அப்படியென்றால் அருமைநாயகியோடு கூடக் கதைப்பேன். எண்பத்தொன்பது என்றே இருந்தால், ஒளிக்காமல் கஜந்தினியிடம் சொல்லி டொக்டரிடம் போ. அதுவரை காரை அவள் ஓட்டட்டும்.

நீ நூறு வயது நல்ல நினைவோடு இருக்க வேண்டும். எனக்குப் பதில் கடிதமாகப் போடு. உறையில் எங்கள் வீட்டு இலக்கத்தை ஒன்றையும் பார்க்காமல் எழுது. அறுபத்திரண்டாம் வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா
அன்னபூரணம்