மழைக்கு வாங்கிய கையுறை

மச்சி,

இன்று மத்தியானம் உன் வீட்டுக்காரி மழையில் பாதி நனைந்தபடி என் கடைக்கு வந்தாள். தோளில் உன் கோல்ஃப் பை. "வீடு மாத்தறோம்ணே, அங்க இத்த வைக்க எடமில்ல. நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். தையல் மிஷின் பக்கத்தில் சாய்த்து வைத்து ஜிப்பை இழுத்தேன். நனைந்து காய்ந்த தோலின் நாற்றம் குப்பென்று வந்தது. அந்த இடக்கைக் கையுறை மேலாகவே கிடந்தது, அப்பளம் மாதிரி விறைத்துப்போய். நான் வாங்கிக் கொடுத்தது.

மூன்று வருஷமாகிறது. வாரம் முழுக்க கோல்ஃப் கிளப் மெம்பர்களின் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவாய். திங்கட்கிழமை அவர்கள் வரமாட்டார்கள், அன்றைக்கு மட்டும் பை தூக்குகிறவர்கள் ஆடலாம். நான் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு வேலியோரம் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு அந்த ஆட்டம் ஒரு எழவும் புரியாது. நீ அடித்தால் பந்து நேராகப் போகும், அது மட்டும் புரியும்.

அந்த ஐப்பசியில் உங்களுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிறவனுக்கு மைதானத்திலேயே நிரந்தர வேலை. உன் பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜெண்டிடம் இருந்தது. "ஜெயிச்சா இங்க, தோத்தா கல்ஃபு" என்று சாதாரணமாகத்தான் சொன்னாய். உன் குழந்தை அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தது.

அடைமழையில் ஆட என்னென்ன வேண்டும் என்று என் கட்டிங் டேபிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடுக்கினாய். "மழைக்கோட்டுல கை கீதே, கட்டைய சுத்தறப்ப புடிச்சு இழுக்கும். அறுத்துடு." அறுத்து, ஓரம் மடித்துத் தைத்தேன். யாரோ ஒரு மெம்பர் கழித்துப்போட்ட முள் வைத்த ஷூ உனக்குப் பெரிது, அதற்கு இரண்டு ஜோடி சாக்ஸ். துண்டு நனையாமல் குடைக்கம்பியில் உள்பக்கமாகத் தொங்க, அதற்கொரு நாடாக் காது வைத்துக் கொடுத்தேன். எல்லாம் நீ சொன்னபடியே செய்தேன். கடைசியில் கையுறைக்கு வந்தாய்.

"ரோட்டோரம் விக்கறாங்களே, ஸ்கூட்டர்காரங்க போடறது, நூல் கிளவுஸ். அது ஒரு ஜோடி வாங்கியா. நூலு நனைஞ்சா புடிக்கும். தோலு நனைஞ்சா வழுக்கும் மச்சி."

துணியோடு காலம் தள்ளுகிற எனக்கே பாடமா என்று ஒரு கடுப்பு. அதைவிட மானப் பிரச்சினை. குடை பிடித்துக்கொண்டு மெம்பர்கள் நின்று பார்க்கிற இடத்தில், என் சிநேகிதன் பிளாட்ஃபார்ம் சரக்கை மாட்டிக்கொண்டு நிற்பதா? மவுண்ட் ரோடு வரைக்கும் போய், மெம்பர்கள் இடக்கையில் மட்டும் மாட்டுகிற மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு தோல் கையுறை வாங்கி வந்தேன்.

"நூல் கிளவுஸ் இன்னா ஆச்சு?" என்று கேட்டாய்.

"பாண்டி பஜார் பூரா தேடிட்டேன், கெடைக்கல."

கூசாமல் பொய் சொன்னேன். என் கடைக்கு எதிரிலேயே நீல பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே குவித்து வைத்திருந்தார்கள். நீ அந்தத் தோல் கையுறையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு மாட்டிக்கொண்டு, கையை மூடித் திறந்தாய். "மாப்ள மாட்டம் கீறேன்ல?" என்று சிரித்தாய்.

போட்டியன்று விடியலிலிருந்தே ஊற்றியது. கடைசிக் குழிக்கு வரும்போது மற்றவர்களைவிட ஒரே ஒரு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தாய். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ ஓங்கிச் சுற்றினாய். கட்டை உன் கையிலேயே திரும்பியது. பந்து மதிலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. இன்னொரு பந்து வைத்தாய், அதுவும் அங்கேயே போனது. முடிந்ததும் குடைக்குள் வந்து என் தோளைத் தட்டி, "மழை மச்சி. அதுக்கு இன்னா பண்றது?" என்றாய்.

அடுத்த மாசமே விமானம் ஏறினாய். "இங்க மழையே இல்ல மச்சி. உன் கிளவுஸுக்குன்னே இருக்கற ஊரு" என்று எழுதியிருந்தாய். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். எட்டாவது மாசம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, பெட்டியில் வந்தாய்.

மழைதான் காரணம், அவனே சொன்னானே என்று இத்தனை நாளும் சொல்லிச் சொல்லித்தான் சோறு தின்றேன், தூங்கினேன்.

இன்று அவள் இருக்கும்போதே பையின் பக்கவாட்டு ஜிப்பையும் திறந்தேன். உள்ளே ஒரு ஜோடி நூல் கையுறை. புத்தம் புதுசு. விற்கும்போது ஜோடி பிரியாமலிருக்க மணிக்கட்டில் போடுகிற தையல்கூட அப்படியே இருந்தது.

"இத எப்ப வாங்கினான்?"

"மேட்ச்சுக்கு மொத நாளு சாயங்காலம்ணே. உங்க கடைக்கு எதுத்தாப்புலதான் வாங்கியாந்தாரு. அப்பால இன்னா தோணுச்சோ, 'பாவம், ஆசையா வாங்கியாந்துகீறான், அதையே போட்டுக்கறேன்'னு இத்த உள்ள வெச்சுட்டாரு."

மழை கொஞ்சம் விட்டதும் அவள் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது.

டேய், ஏன்டா? நான் பொய் சொன்னது உனக்குத் தெரிந்திருக்கிறது. குவியலைக் கண்ணால் பார்த்திருக்கிறாய். என் தோல் கையுறையை என் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருக்கலாமே. தெருவில் வைத்து அசிங்கமாகத் திட்டியிருக்கலாமே. ஒரு வாரம் உன்னிடம் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே. நீ இருந்திருப்பாய். என் முகம் வாடக்கூடாது என்று உன் பிழைப்பையே கொடுத்துவிட்டு, பழியையும் மழைமேல் போட்டுவிட்டுப் போனாயே, நான் இதை எங்கே போய் இறக்கி வைப்பேன்?

சாயங்காலம் ஒருத்தர் பேண்ட் இடுப்பைப் பெரிசாக்கக் கொண்டுவந்தார். பிரித்துக் கொடுத்தேன். நாள் பூராவும் தையல் பிரிப்பதுதானே எனக்குச் சோறு போடுகிறது. அவர் போனதும் உன் நூல் கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு தடவை கத்தரியைக் கிட்டே கொண்டுபோனேன். பிறகு ஜோடியாகவே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இனி அங்கேதான் இருக்கும்.

நாலே நாலு தையல்தான் மச்சி. பிரிக்க முடியவில்லை.