ஒரே சட்டைக்காரிகளின் சண்டை

அக்கா,

நேற்று போளூரைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும், பின் இருக்கையில் யாரோ புதுப் பந்தின் உறையைக் கிழித்தார்கள். ரப்பர் வாசனை பஸ் முழுக்கப் பரவியது. புதுப் பந்து ஓரிரு நாள்தான் அப்படி மணக்கும், அப்புறம் அதில் நம் வியர்வை நாற்றம்தான் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே அதை முகர்ந்து பார்ப்பாயே, அந்த வாசனை. என் உள்ளங்கைகள் இரண்டும் வியர்த்துவிட்டன. பயமில்லை. விசில் ஊதுவதற்கு முன்னால் எப்போதும் வியர்க்குமே, அப்படி. பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பத் திரும்ப, கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.

இந்த வருடமும் சீசனுக்கு முந்தைய முகாம் ஜவ்வாது மலையில்தான். காவலூர் பக்கத்துப் பள்ளியின் அதே சிமெண்ட் தளம். நாளை காலை ஆட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் தூங்குகிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. படியில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். மரங்களுக்கு மேலே வானத்தைப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் உருண்டையான வெள்ளைக் கூரை தெரிகிறது. போன வருடம் முதல் தடவை அதைப் பார்த்தபோது, "இன்னாடி, உங்க ஊர்ல இட்லிய இவ்ளோ பெருசா ஊத்துறீங்க?" என்று கேட்டாய். மொத்த அணியும் சிரித்தது. நானும் சிரித்தேன், என் ஊரைக் கிண்டல் செய்கிறாள் என்று உள்ளுக்குள் எரிந்துகொண்டே.

அப்போது நமக்குள் பேச்சு சரியில்லை. சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் கூடைப்பந்து அணி அது. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற இடம் ஒன்றுதான். அதில் இரண்டு வருடமாக நீ இருந்தாய். கல்லூரி முடித்த கையோடு நான் வந்து சேர்ந்தேன். வரும் சீசனுக்கு அந்த இடத்தில் ஒருத்திக்குத்தான் ஒப்பந்தம், மலையில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கிடைக்காவிட்டால் நீ போளூரில் உன் அண்ணனின் உரக்கடையில் உட்கார வேண்டும். அதை நீ மறைத்ததே இல்லை. எனக்கும் வேறு வழி இருக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. சாமைக் கொல்லையில் குனிந்து நிமிர்கிற அப்பாவிடம், "படிச்சிட்டுப் பந்து வெளயாடறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. ஆமாம் என்று அவர் பெருமையாகச் சொல்லி முடித்த மறுமாதமே நான் திரும்பிப் போக முடியாது.

நாம் இருவரும் ஒரே நேரத்தில் கோர்ட்டில் இருந்தால் எனக்குப் பந்து வராது. கூப்பிடாதவளுக்குப் பந்து கிடையாது என்பது உன் சட்டம். ஒருநாள் துணிந்து கூப்பிட்டேன். "அக்கா!" என்று நான் கத்த, நான்கு பேர் திரும்பினார்கள். அணியில் நான்தானே சின்னவள், எல்லாரும் அக்கா. பந்து எதிரணியின் கைக்குப் போனது. மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது என்று எத்தனை தடவை சொல்லியும் நீ விடவில்லை. அந்த வாரம் முழுக்க, சாப்பிடும் இடத்தில், குளியலறை வாசலில், ஆட்டுக்குட்டி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு "அக்கா... அக்கா..." என்று கத்திக்கொண்டிருந்தாய்.

நானும் சும்மா இருக்கவில்லை. பயிற்சியில் உன்னைத் தடுக்கும் முறை வந்தால் உன் வலது பக்கத்தை முழுவதும் அடைத்துவிடுவேன். இடது கையால் பந்து தட்டுவது உனக்கு ஆகாது என்று பார்த்து வைத்திருந்தேன். தினமும் உன்னை இடது பக்கமே தள்ளினேன். நீ திட்டுவாய். நான் சிரிப்பேன்.

"உன் சிரிப்புதாண்டி எனக்கு ஆவறதில்ல. அடிச்சாலும் சிரிக்கிற, திட்டினாலும் சிரிக்கிற. உள்ள இன்னா வெச்சிக்கினு கீறன்னு எவளுக்குத் தெரியும்?" என்றாய் ஒருநாள். அதற்கும் சிரித்துத்தான் வைத்தேன்.

ஆட்டத்தன்று காலையில் அப்பா அணி முழுவதையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். குளிர் என்று சொல்லி முதல் நாள் மாலையிலிருந்தே நீ வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தாய். இலை போட்டதும் வெளியே எடுத்துத்தானே ஆகவேண்டும். சாமைச் சோறு உதிரி உதிரியாக இருக்கும், நன்றாகப் பிசைந்தால்தான் கையில் நிற்கும். நீ கட்டைவிரலாலும் சுண்டுவிரல் பக்கத்தாலும் அள்ளப் பார்த்தாய். பாதி இலையிலேயே சிந்தியது. அணியிலேயே அதிகம் சாப்பிடுகிறவள், இரண்டு வாய்க்குப் பிறகு பசிக்கவில்லை என்று இலையை மூடினாய். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது, குழம்பு பிடிக்கவில்லையோ என்று. எனக்கு மட்டும் உன் நடுவிரல் தெரிந்தது. புளியங்காய் மாதிரி வீங்கி, மடங்காமல் நின்றது.

முதல் நாள் பயிற்சியில் பந்து பட்டிருக்க வேண்டும். சொன்னால் உன்னை உட்காரவைத்துவிடுவார்கள், இடம் எனக்கு வந்துவிடும். அதனால் நீ சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னால், இடத்துக்காகக் காட்டிக்கொடுத்தாள் என்று ஆகிவிடும். அதனால் நானும் சொல்லவில்லை. இலையை எடுத்துப் போடும்போது நீ என்னைப் பார்த்தாய். நான் பார்த்துவிட்டேன் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது.

என்ன ஆட்டம் அக்கா அது. சென்னையிலிருந்து வந்த அணி, ஆளுக்கு ஆள் நம்மைவிட உயரம். சுற்றிலும் எங்கள் மலை ஜனங்கள். இந்த ஆட்டத்தையே அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. யார் கூடைக்குள் போட்டாலும் கைதட்டினார்கள். நீ பந்தை இடது கையாலேயே தட்டிக்கொண்டு போனாய், இடது பக்கமாகவே வெட்டினாய். எதிரணிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தினமும் நான் தள்ளிவிட்ட பக்கம் அது. கடைசியில் நம் கேப்டன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறியதும் கோச் என்னையும் இறக்கினார். நாம் ஒரு பாயின்ட் பின்னால். பந்து உன் கையில். இன்னும் சில நொடிகள்தான். அந்த நேரம் பார்த்து எதிரணிக் கோச் நடுவரிடம் கத்திக்கொண்டு தளத்துக்குள்ளேயே வந்துவிட்டார். டெக்னிக்கல் ஃபவுல். நமக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது, விழுந்தால் ஒரு பாயின்ட். அதற்குப் பிறகு பந்தும் நமக்கே. ஃப்ரீ த்ரோவை அணியில் யார் வேண்டுமானாலும் போடலாம். எப்போதும் நீதான் போடுவாய்.

நீ பந்தோடு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நடந்தாய். மடங்காத விரலால் பந்தை எறிய முடியாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடின. பந்தின் மேல் கையை வைத்தேன்.

"குடுக்கா. உன் கையால ஆவாது."

அதுவரை உன்னை நீங்க, வாங்க என்றுதான் சொல்லிவந்தேன். அன்றைக்கு வாயில் வந்தது 'உன்'தான்.

"வுடுடி. என் கையப் பத்தி உனக்கின்னா?" என்று நீ இழுத்தாய். நான் விடவில்லை. நீயும் விடவில்லை. பந்து நடுவில், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே நம்மை மாறி மாறிப் பார்த்தார். இதற்கு எந்த விதியைக் காட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை. கூட்டத்தில் என் சித்தப்பா, "இன்னாபா, ரெண்டும் ஒரே சட்ட போட்டுக்கினு அடிச்சிக்குதுங்க?" என்று கேட்பது தளம் முழுக்கக் கேட்டது. மலையே சிரித்தது. மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார்.

நீ என் முகத்துக்குக் கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாய். "எல்லாரும் பாக்கணும்னு பண்றியா? என் எடத்துக்குத்தான அலையிற?"

"ஆமா, அலையிறேன். உன் எடந்தான் எனக்கு வேணும். இப்பப் பந்தக் குடு."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். என் காது சுட்டது. பிறகு உன் முகத்தில் சிரிப்பு வந்தது, முதல் முறையாக எனக்கென்று ஒரு சிரிப்பு.

"இத்த இவ்ளோ நாளா எங்கடி வெச்சிருந்த?" என்று பந்தை விட்டாய்.

கோட்டில் நின்று எறிந்தேன். வளையத்தில் பட்டு ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. சமம். பக்கக் கோட்டிலிருந்து நம்மவள் பந்தைத் தளத்துக்குள் எறிவதற்கு முன்னால் நீ என் காதில் சொன்னாய், இரண்டு பேர் என் மேல் பாய்வார்கள், நீ கூடைக்குக் கீழே போய் நில் என்று. சொன்னபடியே பாய்ந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து உன் இடது கை பந்தைத் தரையில் தட்டி எனக்கு அனுப்பியது. கூப்பிடாமலே எனக்கு வந்த முதல் பந்து. எறிந்தேன். வளையத்தில் பட்டு வெளியே எகிறியது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். எங்கிருந்து வந்தாய் அக்கா? அந்த உயரக்காரிகளுக்கு மேலே உன் இடது கை மட்டும் தெரிந்தது. ஒரு தட்டு. பந்து உள்ளே போகும்போதே மணி அடித்தது. எங்கள் ஜனங்களில் யாரோ மேளத்தை எடுத்துவிட்டார்கள். என் அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு, இப்பவாவது வந்து சாப்பிடு என்றாள்.

விரலில் எலும்பு விரிசல் என்றார்கள். இடத்தை எனக்குத் தந்தார் மேனேஜர். கீழே இறங்கும் பஸ்ஸில் நீ வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அழுவாத, எனக்கு ஆத்திரமா வருது. எடத்த உனக்கு வாடகைக்குத்தான் வுட்டிருக்கேன். கட்டுப் பிரிச்சதும் வந்து காலி பண்ணுவேன்" என்றாய். சொன்னபடி வந்தாய், மேனேஜர் உன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாதி சீசனில் என்னை உட்காரவைத்தாய். மீதியில் நம் இருவரையும் சேர்த்தே இறக்கினார்கள். தினமும் சண்டை. யார் பந்தைக் கொண்டுபோவது, யார் பாஸ் தாமதம், யார் தண்ணீர்ப் பாட்டிலை யார் குடித்தது. நான் சிரிப்பதை நிறுத்தி வாயைத் திறக்கப் பழகியிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.

சீசன் முடிந்து மழை தொடங்கிய மாதத்தில், போளூர் ரோட்டில் உன் வண்டி சறுக்கியது.

துக்கத்துக்கு உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், எவ்வளவு சாந்தமான பெண், யாரையும் ஒரு சொல் சொல்லாதவள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவில், "சாந்தமா? எங்கூட தெனம் சண்ட போடுவாம்மா" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார். "எங்கிட்டயுந்தாம்மா" என்றார். அப்புறம் நீ போட்ட சண்டைகளை ஒவ்வொன்றாக இருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த இடத்தில் நான். காலி பண்ண நீ வரமாட்டாய் என்பது பல நாள் எனக்குப் புரியவே இல்லை. பந்து கைக்கு வந்ததும் முழங்கைகளை விரித்து, அதை வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறேன். நாம் பந்தை இழுத்துக்கொண்ட அந்தக் காலையிலிருந்து கைக்கு வந்த பழக்கம், போகவில்லை. இந்த வருடம் வந்து சேர்ந்த பெண் வந்தவாசிக்காரி, வாய் அடங்காதவள். இன்று காலைப் பயிற்சியில் கேட்டாள், "பக்கத்துல ஆருமே இல்லியேக்கா, இன்னாத்துக்கு இப்பிடிப் புடிக்கிறீங்க?"

"நம்ம ஆளுங்களே புடுங்குவாங்க" என்றேன்.

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு பாய்ந்து வந்து இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து இழுத்தாள். நல்ல பிடி அக்கா. நான் விடவில்லை.