வெளிநடப்புக்கு நான் எழவில்லை

செவ்வாய், இரவு. சட்டமன்ற விடுதி.

இன்று எங்கள் கட்சி மொத்தமும் வெளிநடப்புச் செய்தது. நான் எழவில்லை. அடுத்த கேள்வி என்னுடையது. ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்து ராத்திரி வத்திராயிருப்பு திரும்பும் பெண்களுக்கு ஏன் பஸ் இல்லை?

“பரிசீலிக்கப்படும்” என்றார் அமைச்சர்.

“போன வருஷமும் இதைத்தான் சொன்னீர்கள். எப்போது விடுவீர்கள்?” காலி வரிசையில் தனியாக நின்று கேட்டேன்.

“அடுத்த மாதம்” என்றார்.

கட்சிக் கொறடா போனில் கத்தித் தீர்த்துவிட்டார். நாளை தலைவரிடம் விளக்கம் சொல்ல வேண்டும். அவர் என்ன முடிவில் இருக்கிறாரோ.

அப்புறம் மில்லில் வேலை செய்யும் மாரியம்மா கூப்பிட்டாள். “டிவில பாத்தேன்க்கா. நெசமாவே பஸ் வருமா?”

“வரும்ட்டி.”

கொடியசைக்க அமைச்சர்தான் வருவார். வரட்டும். நான் மாரியம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.