அசையாத சுவர்

என் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். நலம்தானே? நான் நலம் என்று எழுத ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனக்கு நெஞ்சுவலி வேலை நேரத்தில்தான் வந்தது. ஒரு பெரியவருக்கு எக்கோ, அந்த இதய ஸ்கேன், எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நெஞ்சில் கருவியை வைத்திருந்தபோதே எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்ததால் பிழைத்தேன். அரை மணிக்குள் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

மகள் உங்களுக்கு போன் செய்து அழுதிருக்கிறாள். "அதான் அடைப்பை எடுத்துட்டாங்கல்ல, சரியாப் போச்சு" என்று வைத்துவிட்டீர்களாம். முதலில் போனை எடுத்தது யாரென்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சரியாகவில்லை. மறுநாள் எனக்கு எக்கோ எடுத்தது என்னோடு வேலை பார்க்கிறவள். திரையை அந்தப் பக்கம் திருப்பினாள். "என்கிட்டயே மறைக்கிறியாடி?" என்று திட்டி, திருப்பச் சொல்லிப் பார்த்தேன். ரத்தம் நன்றாக ஓடுகிறது. இதயத்தின் முன்சுவர் மட்டும் அசையவே இல்லை. பதினெட்டு வருடமாக அடுத்தவர் இதயத்தை முகம் மாறாமல் பார்த்தவள், என்னுடையதைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டேன்.

டாக்டர்தான் தேற்றினார். "அது சாகலம்மா, திகைச்சுப் போய் நிக்குது. கொஞ்ச நேரம் ரத்தம் இல்லாம தவிச்சிருச்சுல்ல? இப்ப ரத்தம் வந்தாலும் உடனே வேலை செய்யாது. சில வாரம் பொறுக்கணும்" என்றார். இதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அப்போது உங்கள் ஞாபகம் வந்தது, ஆத்திரத்தோடு. போன வருடம் நான்கு மாதம் எங்கேயோ இருந்துவிட்டு வந்து, "அதான் வந்துட்டேன்ல" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. பத்தே நாளில், "நீ கல்லாயிட்ட" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிவிட்டேன். கல் இல்லை அது, திகைப்பு. தினமும் திரையில் அதைப் பார்க்கிற எனக்கே புத்தியில் உறைக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நேற்று மறுபடியும் எக்கோ. சுவர் முழுதாக அசைகிறது. எடுத்தவள் கைதட்டினாள். அதற்கு ஐந்து வாரம் போதுமாக இருந்தது. நீங்கள் எனக்குப் பத்து நாள் கொடுத்தீர்கள்.

இனி வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு மட்டும் பேசுங்கள், பாவம், போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்தால் வாயு என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவளிடம் உடனே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா