அண்ணனின் பிரேக் கால்

ஞாயிறு, இரவு. மழை விடவில்லை.

என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது பிரேக் டிஸ்க்கும் ஷொக் அப்சோபரும் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வைத்து நானே மாட்டி முடித்தேன். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் அண்ணன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் ஏறினார். இறம்பொடை மலை இறக்கம் முழுக்க, பக்கத்து சீட்டில் இருந்தபடி இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

ஒரு வளைவில் பஸ் எங்கள் பக்கமே ஏறி வந்தது. அழுத்தினேன். கார் முன்பக்கம் குனியாமல், ஒரு பக்கம் இழுக்காமல், கோடு போட்டாற்போல் நின்றது. அதன் பிறகு வீடு திரும்பும் வரைக்கும் அண்ணனின் கால் அசையவேயில்லை.

இறங்கியதும் கேட்டார்: "தங்கச்சி, நம்ம லொறி பிரேக்கையும் ஒருக்கா பாக்குறியா?"

"பாக்குறேண்ணே. எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கிறாதீங்க."